கணக்கு எதற்கு?

(மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர்களுக்குக் கணிதத்தில் ஊக்கம் பிறக்கும்படி சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று சங்கத்தார் கேட்டனர். ஊக்கம் என்பது ஒருவர் மேடையில் நின்று மற்றொருவருக்கு ஊட்டக்கூடிய பொருளன்று. ஆயினும் மாணவர் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு நேர்மையான விடை கூற முயலலாம். அம்முயற்சியே இன்றைய என் பேச்சு.

"இந்தக் கணக்கு எனக்கு எதற்கு?" என்பதே அக்கேள்வி. இதை வாய்விட்டுக் கேட்கும் பிள்ளையை நாம் வாயாடி என்கிறோம். மனத்துள் வைத்துக்கொண்டு கொப்பியை மூடிவிடும் பிள்ளையை மந்தம் என்கிறோம். உண்மையில் அது நல்ல கேள்வி. ஒரு பொருளைப் பத்து ஆண்டுகள் சுமக்கச் சொன்னால், ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவனுக்கு விடை கூறும் கடமை பெரியோர்க்கு உண்டு.

நாம் வழக்கமாகக் கூறும் விடை என்ன? "சாதாரண தரத்திற் கணிதம் கட்டாய பாடம், அதிற் சித்தியடையாவிட்டால் வழி அடைபடும்" என்கிறோம். "உயர்தரத்திற் கணிதப் பிரிவு படித்தால் எஞ்சினியராகலாம்" என்கிறோம். இவை பொய்யல்ல. ஆற்று வளமில்லாத, சிறு காணிகளே உள்ள இந்தக் குடாநாட்டில், படிப்பே பெரிய முதலாக இருந்தது. அதிலும் கணக்கிற் கெட்டிக்காரனான பிள்ளை ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதை நம் பெரியோர் கண்ணாரக் கண்டவர்கள்.

ஆனால் இந்த விடை மட்டும் போதாது. கணிதத்தின் பயன் சோதனை ஒன்றே என்றால், சோதனையில் தவறியவனுக்கு அதனோடு உறவு அன்றே முடிந்துவிடும். சித்தியடைந்தவனும் முடிவு வெளிவந்த மறுநாளே புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுவான். வகுப்பிலுள்ள சிலருக்கு ஏணியாகவும் பலருக்கு மதிலாகவும் நிற்கும் ஒன்றை, எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஆகவே ஏணிக்கு அப்பால் உள்ள பயனைத் தேடிப் பார்ப்போம். தூரதேசம் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கிணற்றிலிருந்தே தொடங்கலாம்.

நவக்கிரியிலுள்ள நிலாவரையை அறியாதவர் இச்சபையில் இருக்கமாட்டார். இராமபிரான் அம்பு ஊன்றிய இடம் என்பது ஐதிகம். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. இது ஏன்? நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் கீழிறங்கித் தங்குகிறது. சுற்றிலும் கடல், கடல்நீர் நிலத்தின் அடியிலும் புகுந்து நிற்கிறது. பாரங் குறைந்த நன்னீர், பாரங் கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. நாம் குடிப்பதும், தோட்டத்துக்கு இறைப்பதும், கோயிற் கிணற்றில் அபிடேகத்துக்கு எடுப்பதும் அந்த மிதக்கும் நீரையே.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு கன மீற்றர் நன்னீரின் திணிவு 1,000 கிலோகிராம். அதே அளவு கடல்நீரின் திணிவு ஏறக்குறைய 1,025 கிலோகிராம். நன்னீர், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நிற்கிறது என்று கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே அது எத்தனை மீற்றர் இருக்கும்? அந்த அளவை x என்று வைப்போம். மேலும் கீழும் சேர்ந்த நன்னீர்த் தூணின் பாரமும், அதற்கு ஈடாக நிற்கும் கடல்நீர்த் தூணின் பாரமும் சமனாக வேண்டும். அதாவது, x உடன் 1 ஐக் கூட்டி 1,000 ஆற் பெருக்கினால் வருவது, x ஐ 1,025 ஆற் பெருக்கினால் வருவதற்குச் சமன். இருபுறமும் பொதுவானதை நீக்க, 25x சமன் 1,000 என்றாகும். ஆகவே x என்பது 40.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்க எளிய சமன்பாடு இது. ஆனால் அது சொல்லும் செய்தியைக் கேளுங்கள். கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் 1 அடி நன்னீர், கீழே 40 அடி நன்னீரைத் தாங்கி நிற்கிறது. ஆதலின், அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை நிலையாக 1 அடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழும்! 1880களின் இறுதியில் ஒல்லாந்தரான பதோன் கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தத்தம் கடற்கரைகளைக் குறித்துக் கண்ட விதி இது. வெடிப்பும் பொந்தும் நிறைந்த நம் கல்லில் இது அப்படியே அச்சொட்டாகப் பொருந்தாது. கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். எனினும் ஆபத்தின் அளவை அது காட்டிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது நாற்பது. கிணற்றை எட்டிப் பார்ப்பவனுக்கு அந்த நாற்பது தெரியாது. கணக்குப் போட்டவனுக்கே தெரியும்.

இன்னும் ஒரு படி செல்வோம். பரப்பு என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. 2,722 சதுர அடியும் இன்னும் அரையும். அதன்மேல் 1 அங்குல உயரத்துக்கு நீர் நிற்கும்படி இறைத்தால் ஏறக்குறைய 6,400 லீற்றர் செலவாகும். 8 பரப்பு வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு முறை அவ்வாறு இறைக்க 51,000 லீற்றருக்கு மேல் வேண்டும். துலா மிதித்து, பட்டையால் இறைத்த நம் பாட்டன்மாருக்கு ஒவ்வொரு பட்டை நீரின் கணக்கையும் உடம்பு சொல்லியது. இன்று இயந்திரத்தின் ஆளியைத் தட்டும் விரலுக்கு அக்கணக்குத் தெரியாது. உடம்பு மறந்ததை மூளை நினைவில் வைக்க வேண்டிய காலம் இது. இறைப்பில் காற்பங்கு குறைத்தாலும் பயிர் தாங்குமா, தாங்கினால் ஒரு முறைக்கு எத்தனை லீற்றர் மிச்சம் என்று கணக்கிடத் தெரிந்த இளைஞனே நாளைக்கு இந்த ஊரின் நல்ல கமக்காரன். அவனுக்குக் கணிதம் வேண்டாமென்று யார் சொல்ல முடியும்?

கிணற்றிலிருந்து வீட்டுக்கு வருவோம்.

நீண்ட போரின் பின்னர் நம் வட மாகாணத்தில் நுண்கடன்கள் வந்து குவிந்தன. கடன் பட்டு மீளமுடியாது தவித்த குடும்பங்கள் பல. 2018 ஆம் ஆண்டில் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பட்ட சிறு கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அக்கடன்களின் துன்பத்துக்குக் காரணங்கள் பல உண்டு. வறுமையும், இழப்பும், கடன் கொடுத்தோரின் பேராசையும் அவற்றுட் சில. கணக்குத் தெரியாமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; அது துன்பப்பட்டவர் மேலேயே பழிபோடுவதாகும். ஆனால் ஒரு கணக்கை மட்டும் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

ஒருவர் 1 இலட்சம் ரூபா கடன் தருகிறார். வட்டி மாதம் 2 வீதம். முதலும் வட்டியும் சேர்த்து 12 மாதத்திற் சம தவணைகளாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 24 வீதந்தானே என்று தோன்றும். வட்டி 24,000 ரூபா என்பதும் சரியே. ஆனால் அந்த 1 இலட்சம் ரூபாவும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருந்ததா? இல்லை. மாதந்தோறும் முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். முதல் மாதம் கையிலிருந்த கடன் 1,00,000. கடைசி மாதம் இருந்தது சுமார் 8,300. இது இறங்கிச் செல்லும் ஒரு கூட்டல் விருத்தி. முதலுறுப்பையும் கடைசியுறுப்பையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் சராசரி கிடைக்கும். ஏறக்குறைய 54,000. ஆகவே உங்கள் கையில் சராசரியாக இருந்த 54,000 ரூபாவுக்கு நீங்கள் கட்டிய வட்டி 24,000 ரூபா. வீதம் இருபத்துநான்கன்று, நாற்பதுக்கும் மேல்!

கூட்டல் விருத்தி எதற்கு என்று கேட்ட மாணவிக்கு இதுவே விடை. நாளை உங்கள் தாயார் ஒரு பத்திரத்திற் கையொப்பம் இடுமுன், பக்கத்தில் இருந்து பென்சிலால் நாலு வரி எழுதிப் பார்க்கும் பிள்ளை அந்த வீட்டுக்குக் காவல். "கைத்தொலைபேசியே கணக்குப் போடுமே" என்று சிலர் சொல்வார்கள். போடும். ஆனால் கேட்ட கேள்விக்கே அது விடை சொல்லும். எந்தத் தொகையை எந்தத் தொகையாற் பிரிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பவர் நீங்கள். கேள்வி பிழைத்தால், விடை எவ்வளவு விரைவாக வந்தாலும் பிழையே.

இனி, நம் முன்னோர் கணிதத்தை எவ்வாறு போற்றினர் என்று பார்ப்போம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கருதிய மரபு நம்முடையது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடஞ் செய்த சிறுவன், முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரை பின்னங்களைக் கையாண்டான். கோயில்களில் விரதங்களையும் விழாக்களையும் குறித்துத் தரும் வாக்கிய பஞ்சாங்கமோ பெரியதொரு கணித ஆட்சி. சந்திரன் பூமிக்கு அண்மையில் வருவதும் சேய்மையிற் செல்வதுமான சுற்றை 248 நாட்களில் ஏறக்குறைய 9 முறை முடிக்கிறது. அதை அறிந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொன்றாக 248 வாக்கியங்களை அமைத்தார்கள். அச் சொற்றொடர்களின் எழுத்துக்களே எண்கள். பாட்டுப்போல மனத்தில் இருத்திக்கொண்டு வானத்தைக் கணித்தார்கள்.

இதன் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. ஜோன் வாரன் என்னும் ஐரோப்பியர், தென்னிந்திய காலக்கணித முறைகளைப் பற்றிய தமது நூலை 1825 இல் சென்னையில் வெளியிட்டார். அந்த ஆண்டில் நிகழவிருந்த சந்திர கிரகணம் ஒன்றைப் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் அவருக்குக் கணித்துக் காட்டினார். தாளும் எழுதுகோலும் இல்லை. சோழிகளை நிலத்திற் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே கூறிக் கணித்தார். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணிப்புக்கும் உண்மைக்கும் இருந்த வேறுபாடு 4 நிமிடமே. என்னே அந்தத் திறமை!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிரகணத்தின் முடிவு நேரத்தில் வேறுபாடு 52 நிமிடமாயிற்று. ஏன் இந்தப் பிழை, எங்கே திருத்த வேண்டும் என்று அவரால் ஆராய இயலவில்லை. அந்த விதிகளுக்குப் பின்னாலுள்ள கொள்கையை அவர் அறியார் என்றும் வாரன் எழுதியிருக்கிறார். விதிகளை முதலில் வகுத்தவர்கள் பேரறிஞர்கள். அவர்கள் ஏன் என்று கேட்டுக் கண்டார்கள். பின்வந்தவர்கள் எப்படி என்பதை மட்டும் காத்து, ஏன் என்பதை வழியில் நழுவவிட்டார்கள். அந்தப் பஞ்சாங்கக்காரரை நான் குறைத்துப் பேசவில்லை. இன்று சூத்திரத்தை மனப்பாடஞ் செய்து, கடந்தகால வினாத்தாள்களை உருப்போட்டு, ரியூசன் வகுப்பிற் சொன்னபடியே விடையெழுதும் நம் பிள்ளைகளின் நிலையும் அதுவன்றோ? அவருக்காவது சோழி இருந்தது, வானம் இருந்தது. ஏன் என்பதை விட்டுவிட்டுப் படிக்கும் கணிதம், திருத்த முடியாத கணிதம்.

ஏன் என்று கேட்டுக் கற்பதற்குப் பெரிய வசதி வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். ஒரு கொட்டையை வையுங்கள். அதன் வலப்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் மூலையிலுமாக மூன்று கொட்டைகளைச் சேருங்கள். இரண்டுக்கு இரண்டான சதுரம் வரும். அதைச் சுற்றி ஐந்து சேருங்கள், மூன்றுக்கு மூன்று. மேலும் ஏழு சேருங்கள், நாலுக்கு நாலு. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு சதுரமே வரும் என்பது கண்முன்னே விளங்கும். இதை யாரும் உங்களுக்கு ஆணையிட்டு நம்பச் சொல்லவில்லை. ஆசிரியர் சொன்னதால் அது உண்மையன்று. புத்தகத்தில் அச்சிட்டதாலும் அன்று. பத்து வயதுச் சிறுமிக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் அது ஒரே அளவில் உண்மை. பிறர் தயவின்றித் தானே உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்த நிமிர்வைக் கணிதத்தைப்போல வேறெந்தப் பாடமும் இத்தனை சிறு வயதில் தருவதில்லை.

மாணவர்களே, கணிதம் வேறு, தமிழ் வேறு என்று சிலர் எண்ணுகிறார்கள். "எனக்குத் தமிழ் வரும், கணக்கு வராது" என்கிறார்கள். அவர்களை நம் அயலூராகிய சிறுப்பிட்டிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1832 இல் அங்கே பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்றவர். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். அவருள் ஒருவர் இவர். மற்றவரும் நம்மவரே, அதே செமினறியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை. அவர் 1855 இலேயே வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதி வெளியிட்டார். இன்று நாம் அட்சரகணிதம் என்கிறோமே, அதுதான். தமிழில் உயர் கணிதம் முடியுமா என்று ஐயுறுவோர் அந்த ஆண்டை நினைவிற் கொள்வாராக.

தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியிற் பணியாற்றினார். பின்னர்ச் சட்டம் பயின்று, புதுக்கோட்டையில் நீதிபதியானார். இவற்றினிடையே கறையான் அரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887 இல் கலித்தொகையும் அச்சேற்றினார். பகலில் வரவையும் செலவையும் ஒப்புநோக்கிய கண்களே ஏட்டுக்கு ஏடு பாடங்களையும் ஒப்புநோக்கின என்பது என் எண்ணம். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தம் பொருந்தாது என்னும் கணக்கரின் கண்டிப்பு, பதிப்பாசிரியருக்கு வேண்டிய முதற் குணமன்றோ? தமிழ்த்தாய்க்கு அவர் ஆற்றிய தொண்டிற் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்களுக்கு அண்மையிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. யாழ்ப்பாணத்தவரான சி. ஜெ. எலியேசர், கேம்பிரிட்சில் டிராக் என்னும் பேரறிஞரிடம் பயின்று, இலங்கையிலும் மலாயாவிலும் மெல்பேர்ணிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார். வடமராட்சியில் 1934 இற் பிறந்து ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற அழகையா துரைராசா, களிமண் பாரத்தின்கீழ் எவ்வாறு நெகிழ்கிறது என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தார். 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் அறிஞரோடு அவர் வெளியிட்ட கட்டுரை மண்பொறியியலில் இன்றும் நிலைபெற்றுள்ளது. நம் காலடியிற் கிடக்கும் மண்! அதைப் பார்த்து ஏன் என்று கேட்டார், உலகம் செவிசாய்த்தது. அவரே 1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்று, மிகக் கடுமையான காலத்தில் நம் பிள்ளைகளின் கல்வியைத் தாங்கினார்.

எல்லோரும் துரைராசா ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் கிணற்றின் கணக்கும், கடனின் கணக்கும், ஏன் என்று கேட்கும் துணிவும் எல்லோர்க்கும் உரியவை.

இனி மாணவருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, விடை சரியானவுடன் கொப்பியை மூடாதீர்கள். "ஏன் சரி?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு மூடுங்கள். இரண்டு, விளங்காத இடத்தை மறைக்காதீர்கள். பின்னம் விளங்காதவனுக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காதவனுக்குத் திரிகோணகணிதம் விளங்காது. பத்தாம் வகுப்பில் நின்று தடுமாறுபவன் பலவேளை ஆறாம் வகுப்பிற் கழன்ற ஒரு கல்லினாலேயே தடுமாறுகிறான். வெட்கத்தை விட்டு அக்கல்லைத் தேடிப் பொருத்துங்கள். ஒரு மாத உழைப்பு ஐந்தாண்டுப் பயத்தைப் போக்கும்.

பெரியோருக்கு ஒரு வேண்டுகோள். "எனக்கும் கணக்கு வராது, என் பிள்ளைக்கு எப்படி வரும்?" என்று பிள்ளை கேட்கச் சொல்லாதீர்கள். பெண்பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்றும் சொல்லாதீர்கள். வீட்டின் வரவு செலவைப் பெரும்பாலும் தாய்மாரே தாங்குகிறார்கள் என்பதை அறியாதவர் யார்? பிள்ளை வாங்கிய புள்ளியைக் கேட்குமுன், இன்று என்ன விளங்கியது என்று கேளுங்கள்.

இறுதியாகச் சங்கத்து இளைஞருக்கு ஒரு வேலை. ஐப்பசி மழை தொடங்குமுன், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்றிற் கல் கட்டிய கயிற்றை விட்டு, கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். மாதம் ஒரு முறை அதே நாளில் அளவுங்கள். மார்கழியில் எவ்வளவு ஏறியது, ஆவணியில் எவ்வளவு இறங்கியது என்று சதுரக்கோட்டுத் தாளில் வரையுங்கள். பத்துக் கிணறுகளின் கோடுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தக் கிணறு விரைவாக இறங்குகிறது, ஏன் இறங்குகிறது என்று உங்களுக்குள் வாதிடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அந்த வரைபு வெளிவரட்டும். அதைப் பார்த்து இவ்வூர்க் கமக்காரர் ஒருவராவது தம் இறைப்பை மாற்றிக்கொண்டால், கணக்கு எதற்கு என்று இந்த ஊரில் எவரும் மறுமுறை கேட்கமாட்டார்.